உலக அறிவியல் ஆய்வில் கூட்டும் போட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஞ்ஞானிகள் கைகோத்து வேலை செய்கிறார்களா, ஒருவரை ஒருவர் முந்த ஓடுகிறார்களா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். பல சமயம் ஒரே ஆட்கள் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்கிறார்கள். இதைப் பற்றி ஆய்வு மாணவர்களும் மற்ற வாசகர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையைத் தேடுவதுதானே அறிவியல்? அதில் போட்டி எங்கிருந்து வருகிறது?

ஓர் இயற்கை விதியைக் கண்டுபிடித்தவர் அதைப் பூட்டி வைத்துக்கொண்டால் அது அறிவியல் ஆகாது. வெளியே சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அது எல்லோருக்கும் சொந்தம். அப்புறம் அவர் கையில் மிஞ்சுவது 'இதை முதலில் கண்டவர் இவர்' என்ற பெயர் மட்டும்தான். வேலை, ஆய்வு நிதி, பதவி உயர்வு, பரிசு எல்லாம் அந்தப் பெயரை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டாவதாகக் கண்டவர் எவ்வளவு நேர்மையாக உழைத்திருந்தாலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஓட்டம் பிடிக்க இது போதாதா?

முன்பு நிலைமை இன்னும் மோசம். 1610இல் சனிக் கோளின் இருபுறமும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோ, அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அனுப்பினார். நாளை வேறு யாராவது உரிமை கொண்டாடினால் புதிரை அவிழ்த்துக் காட்டலாம், அதுவரை ரகசியம் பத்திரம். வானியலாளர் கெப்ளர் அதைத் தப்பாக அவிழ்த்து, செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் இருப்பதாகப் புரிந்துகொண்டார்! 1665இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் ஆய்விதழைத் தொடங்கிய பிறகு இது மாறத் தொடங்கியது. வெளியிட்டவருக்கே முதன்மை என்ற வழக்கம் மெல்ல வேரூன்றியது. ஒளித்து வைப்பதைவிடச் சொல்வதே லாபம் என்று ஆக்கினார்கள். கீழே வரும் பல பதில்களிலும் நான் இந்த இடத்துக்குத்தான் திரும்பி வருவேன். பகிர்ந்தவர் நஷ்டப்படாத ஏற்பாடு இருந்தால் கூட்டு தழைக்கிறது. அது இல்லாத இடத்தில் எவ்வளவு உபதேசம் செய்தாலும் தழைப்பதில்லை.

போட்டியால் உண்மையிலேயே நன்மை உண்டா?

உண்டு. வேகத்தைவிடப் பெரிய நன்மை நம்பகத்தன்மை. 1998இல் இரண்டு குழுக்கள், தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்து, பிரபஞ்சம் விரிவடையும் வேகம் எந்த அளவுக்குக் குறைந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முயன்றன. ஒன்றுக்கு சால் பெர்ல்மட்டர் தலைவர். மற்றொன்றில் பிரையன் ஷ்மிட்டும் ஆடம் ரீஸும் இருந்தார்கள். வேகம் குறைகிறது என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு குழுக்களுக்கும் கிடைத்த விடை நேர் எதிர்: வேகம் கூடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு குழு இதைச் சொல்லியிருந்தால், கருவியில் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள். ஒருவர் தவறை மற்றவர் பிடிக்கக் காத்திருந்த இரண்டு குழுக்கள் தனித்தனி வழியில் போய் ஒரே இடத்தில் வந்து நின்றதால்தான் உலகம் ஒப்புக்கொண்டது. 2011இல் நோபல் பரிசு இரண்டு தரப்புக்குமாகப் பிரித்துத் தரப்பட்டது.

முந்த வேண்டும் என்ற அவசரத்தில் தவறு நடக்காதா?

நடக்கும், நடந்திருக்கிறது. தென்துருவத்தில் இருந்த பைசெப்-2 தொலைநோக்கியின் குழு, பிரபஞ்சத்தின் முதல் கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் (வெளியையே நெளியச் செய்து பரவும் அலைகளின்) தடயத்தைக் கண்டுவிட்டதாக 2014 மார்ச்சில் அறிவித்தது. நம் விண்மீன் மண்டலத்தில் உள்ள தூசியும் அதே மாதிரித் தடயத்தைக் காட்டக்கூடியது. அந்தத் தூசியை நன்றாக அளந்திருந்தது ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம். ஆனால் பிளாங்க் குழுவும் அதே பந்தயத்தில் இருந்தது, தன் தரவை அப்போது வெளியிட்டிருக்கவில்லை. பைசெப் குழு, ஒரு மாநாட்டில் பிளாங்க் தரப்பு திரையில் காட்டிய படத்தைப் பார்த்துத் தூசியின் அளவை மதிப்பிட்டது. 2015 தொடக்கத்தில் இரு குழுக்களும் தரவைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, முதல் கணத்து அலைகளுக்கு உறுதியான சான்று இல்லை என்று தெரிந்தது. தூசியை வைத்தே பெரும்பகுதியை விளக்கிவிடலாம்.

இங்கே யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் கடைசிக் கட்டக் கூட்டு ஓர் ஆண்டு முன்னால் நடந்திருந்தால் போதும். இருவருமே முதன்மையை இழக்க அஞ்சியதுதான் அதைத் தடுத்தது என்பது என் கணிப்பு.

2011இல் ஓபெரா குழு நடந்துகொண்ட விதம் வேறு. நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியை முந்துவதாகத் தங்கள் கருவி காட்டியதும், 'எங்களுக்கே நம்ப முடியவில்லை, சரிபாருங்கள்' என்று உலகத்திடம் கேட்டார்கள். அதே சுரங்க ஆய்வகத்தில் இருந்த இக்காரஸ் குழு அளந்து பார்த்து, முந்தவில்லை என்றது. சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடம்தான் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. பக்கத்து அறையில் ஒரு போட்டியாளர் இருப்பது நல்லது.

எந்த ஆய்வுகளைக் கூட்டாக மட்டுமே செய்ய முடியும்?

பணம் ஒரு காரணம். 12 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1954இல் செர்ன் ஆய்வகத்தை நிறுவியபோது, அமெரிக்காவுக்கு இணையான துகள் முடுக்கியைத் தனியாகக் கட்ட அந்த நாடுகளில் எதற்கும் வலுவில்லை. இன்று அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி ஓடுகிறது.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது, இயற்கையே கூட்டைக் கட்டாயமாக்கும் இடங்கள். ஈர்ப்பலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒரே ஒரு கருவியால் சொல்ல முடியாது. தூரமாக இருக்கும் இரண்டு மூன்று கருவிகளை அலை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் தொட்டது என்பதை வைத்துத்தான் திசையைக் குறுக்க முடியும். அதனால்தான் ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லைகோவும் ஐரோப்பாவின் விர்கோவும், எந்த அலையும் சிக்குவதற்கு முன்பே, 2007இலேயே, தரவைப் பகிர்ந்து சேர்ந்து வெளியிடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை வந்தபோது, திசை சில மணி நேரத்துக்குள் மற்ற வானியலாளர்களுக்குப் போனது. சுமார் 70 ஆய்வுக்கூடங்கள் அந்தப் பக்கம் திரும்பின. மோதலில் எழுந்த ஒளிப்புள்ளியை யார் முதலில் பார்ப்பது என்று அவர்களுக்குள் அன்றிரவு கடும் ஓட்டம். கூட்டு கதவைத் திறந்தது, போட்டி உள்ளே ஓடியது.

கருந்துளைப் படமும் அப்படித்தான். எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளையைப் படம் எடுக்கப் பூமி அளவுக்கு ஒரு தொலைநோக்கி வேண்டும். 2017 ஏப்ரலில் பூமியின் பல மூலைகளில் இருந்த எட்டு தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பார்த்து அந்தக் குறையை ஈடு செய்தன. இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குத் தரவு குவிந்ததால், வன்தட்டுகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென்துருவத்தின் தட்டுகள் மட்டும் குளிர்காலம் முடியும்வரை அங்கேயே காத்திருந்தன.

கூட்டாகச் செய்யும்போது எல்லோரும் ஒரே தவறைச் செய்துவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி. அதற்காகவே கூட்டுக்குள் போட்டியைத் திட்டமிட்டு வைக்கிறார்கள். கருந்துளைப் படத்தை உருவாக்கும் வேலை, ஒன்றோடொன்று பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு நான்கு குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. பல வாரங்கள் கழித்து நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நான்கிலும் ஒரே வளையம் தெரிந்தது. செர்னில் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகளைத் தேட அட்லஸ், சிஎம்எஸ் என்று வெவ்வேறு வடிவமைப்பில் இரண்டு பெரும் கருவிகளும் இரண்டு குழுக்களும் இருந்தன. 2012 ஜூலை 4 அன்று இரண்டும் ஒரே மேடையில் தங்கள் தங்கள் முடிவைச் சொன்னபோது விவாதத்துக்கு இடமே இருக்கவில்லை.

ஒரு கட்டுரைக்கு 5,000 ஆசிரியர்கள் என்றால், யார் என்ன செய்தார் என்று எப்படித் தெரியும்?

2015இல் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் சேர்ந்து ஹிக்ஸ் போசானின் நிறையை வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. 33 பக்கங்களில் 24 பக்கம் ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். பெயர்கள் அகர வரிசையில் இருப்பதால், வரிசையைப் பார்த்து உழைப்பை அளக்க முடியாது. கூட்டுக்குள் யார் எந்தப் பொறுப்பில் இருந்தார், எந்த மாநாட்டில் குழுவின் சார்பாகப் பேசினார், யார் பரிந்துரைக் கடிதம் எழுதினார் என்பதை வைத்துத்தான் ஆட்களை எடைபோடுகிறார்கள். உயிரியலில் நிலைமை வேறு. அங்கே முதல் பெயரும் (பெரும்பாலும் முக்கிய வேலையைச் செய்தவர்) கடைசிப் பெயரும் (பெரும்பாலும் ஆய்வகத் தலைவர்) உயிர்நாடி. அதனால் சண்டையும் அங்கேதான் அதிகம். யார் திட்டமிட்டார், யார் அளந்தார், யார் எழுதினார் என்று பங்களிப்பைத் தனியே குறிப்பிடும் வழக்கம் பல ஆய்விதழ்களில் வந்துவிட்டது. அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

நோபல் பரிசு இன்னும் மாறவில்லை. அறிவியல் துறைகளில் ஒரு பரிசை அதிகபட்சம் மூன்று பேருக்குத்தான் தருவார்கள். ஈர்ப்பலையை முதலில் அறிவித்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. 2017இல் பரிசு மூவருக்குப் போனது. அந்த மூவருக்கும் தகுதி உண்டு. ஆனால் இந்த வரம்பு, ஆய்வு இப்போது நடக்கும் விதத்துக்குப் பொருந்தவில்லை.

பகை நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து வேலை செய்ய முடியுமா?

இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை, தனிம அட்டவணையின் கடைசி வரிசைக் கதை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகமும் சோவியத் நாட்டின் துப்னா ஆய்வகமும் 104, 105 ஆகிய தனிமங்களை யார் முதலில் உருவாக்கியது என்று பல்லாண்டுகள் மோதின. ஒரே தனிமத்துக்கு இரண்டு தரப்பும் வேறு வேறு பெயர் வைத்தன. 1997இல்தான் சர்வதேச வேதியியல் சங்கம் பெயர்களை முடிவாகத் தீர்த்து வைத்தது.

அதே துப்னா, வேறோர் அமெரிக்க ஆய்வகமான லிவர்மோருடன் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியது. 117ஆம் தனிமத்தை உருவாக்கப் பெர்க்கெலியம் என்ற தனிமம் வேண்டும். அதைத் தேவையான அளவு செய்யக்கூடிய அணு உலை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருந்தது. பெர்க்கெலியத்தின் மேல் கால்சியம் அணுக்களை மோதவிடும் முடுக்கி ரஷ்யாவில் இருந்தது. 2009இல் ஓக் ரிட்ஜ் 22 மில்லிகிராம் பெர்க்கெலியத்தைப் பிரித்தெடுத்தது. அதில் பாதி ஓர் ஆண்டுக்குள் சிதைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் முக்கியம். ஆவணங்கள் சரியில்லை என்று ரஷ்யச் சுங்கத்துறை இரண்டு முறை திருப்பி அனுப்ப, அந்தப் பொட்டலம் அட்லாண்டிக்கை ஐந்து தடவை கடந்தது. கடைசியில் துப்னாவில் கிடைத்தவை ஆறு அணுக்கள். அந்தத் தனிமத்துக்கு இன்று டென்னஸீன் என்று பெயர், அமெரிக்க மாநிலத்தின் பெயரால். 115ஆம் தனிமம் மாஸ்கோவியம். அட்டவணையில் இரண்டும் ஒரே வரிசையில் இருக்கின்றன.

இவர்களைச் சேர்த்தது நட்புணர்ச்சி என்று நான் நினைக்கவில்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது, கிடைக்கும் பெயரை எப்படிப் பங்கிடுவது என்பதும் தெளிவாக இருந்தது. பெரியம்மையிலும் இதைப் பார்க்கலாம். 1958இல் அதை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தவர் சோவியத்தின் விக்டர் ஜ்தானோவ். 1967இல் தீவிரமாகத் தொடங்கிய திட்டத்தை நடத்தியவர் அமெரிக்கரான டி. ஏ. ஹென்டர்சன். தடுப்பூசியில் பெரும்பங்கை சோவியத் நாடு கொடுத்தது. 1980இல் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மனித மரபணுத்தொகையைப் படித்ததில் தனியார் நிறுவனமும் போட்டியிட்டதே, அது நல்லதா கெட்டதா?

மனித மரபணுத்தொகை என்றால் நம் மரபுச் செய்தி முழுவதும் அடங்கிய நீண்ட எழுத்து வரிசை. அதைப் படிக்க 1990இல் தொடங்கிய பொதுத் திட்டத்தில் ஆறு நாடுகளின் ஆய்வகங்கள் இருந்தன. படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்று 1996இல் பெர்முடா தீவில் கூடி முடிவு செய்தார்கள். 1998இல் கிரெய்க் வென்டர் தலைமையில் செலெரா நிறுவனம் களத்தில் இறங்கி, மூன்றே ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்னது. அதன் பிறகு பொதுத் திட்டத்தின் வேகமும் கூடியது என்பது உண்மை. 2000 ஜூனில் இரு தரப்பும் ஒரே மேடையில் முதல் வரைவை அறிவித்தன. பொதுத் திட்டம் 2003 ஏப்ரலில், குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. செலெரா பொதுத் தரவையும் எடுத்துப் பயன்படுத்தியது. தன் தரவையோ கட்டணத்துக்குக் கொடுத்தது. போட்டி வேகத்தைத் தந்தது, சரி. இன்று யாரும் காசு கொடுக்காமல் மனித மரபணுத்தொகையைப் படிக்க முடிவதற்குக் காரணம் பெர்முடா முடிவுதான்.

தரவை முதலில் பகிர்ந்தவருக்கு என்ன கிடைக்கிறது?

சில சமயம் தண்டனை. இந்தப் பதிலை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

2020 ஜனவரி 11 அன்று சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழு புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை, ஆஸ்திரேலியாவில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் மூலம் இணையத்தில் வெளியிட்டது. இரண்டே நாளில் அமெரிக்க நிறுவனமான மாடர்னாவின் தடுப்பூசியின் வடிவம் தயாராகிவிட்டது. மார்ச் 16 அன்று முதல் ஊசி போடப்பட்டது. வெளியிட்ட மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா விஞ்ஞானிகள் ஒமிக்ரான் என்ற புதிய கொரோனா வகையைக் கண்டு உடனே உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் பல நாடுகள் அந்தப் பகுதியிலிருந்து வரும் விமானங்களை நிறுத்தின. நேர்மையாகச் சொன்னவர்களின் ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள்கள் வருவதுகூடச் சிரமமானது.

இதற்கு முன்பே ஒரு பாடம் இருந்தது. 2007இல் இந்தோனேசியா தன் பறவைக் காய்ச்சல் மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. தான் கொடுக்கும் வைரஸிலிருந்து வேறு நாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்கிறது, அதைத் தன் மக்களால் வாங்க முடிவதில்லை என்பது அதன் வாதம். உலகத்தையே ஆபத்தில் தள்ளுவதாகப் பலர் திட்டினார்கள். எனக்கு அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. நான்கு ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2011இல், மாதிரி கொடுப்பவருக்குப் பலனிலும் பங்கு என்ற ஏற்பாடு இன்ஃப்ளுயன்சாவுக்கு வந்தது. 2025 மே மாதம் உலக நாடுகள் ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் மிகவும் சிக்கலான இடமாக இருந்தது இதே பங்கீடுதான். அதற்கான பின்னிணைப்பை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

வசதி குறைந்த நாடுகளின் ஆய்வாளர்கள் கூட்டில் சமமாக நடத்தப்படுகிறார்களா?

பல இடங்களில் இல்லை. வெளியிலிருந்து வந்து, இரத்தமோ மண்ணோ புதைபடிவமோ எடுத்துக்கொண்டு போய், உள்ளூர் ஆய்வாளர் பெயர்கூட இல்லாமல் கட்டுரை வெளியிடும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. உயிரியல் வளங்களின் பலனைப் பங்கிட வேண்டும் என்று சொல்லும் நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள், தங்களை ஆராய வருபவர்களுக்குத் தாங்களே நெறிமுறை எழுதிக் கொடுத்தார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவைதான் அதன் அடிப்படை. வெளியீட்டுக் கட்டணமும் ஒரு சுவர். படிப்பவர் காசு கொடுக்க வேண்டாம் என்று மாற்றிய பல ஆய்விதழ்கள், அந்தச் சுமையை எழுதுபவர் தலையில் வைத்துவிட்டன.

போர், தடை வரும்போது ஆய்வுக் கூட்டையும் நிறுத்த வேண்டுமா?

இதில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் கிடையாது. நாசா தன் நிதியில் சீனாவோடு நேரடியாக இணைந்து செயல்பட 2011 முதல் அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. சீனா தனியாக விண்வெளி நிலையம் கட்டிக்கொண்டது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தை செர்ன் 2024 நவம்பரில் முடித்துக்கொண்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் மட்டும் ரஷ்யர்களும் அமெரிக்கர்களும் இன்றும் சேர்ந்து வாழ்கிறார்கள்.

ஆயுதத்துக்குப் பயன்படும் ஆய்வைத் தடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அரசின் குற்றத்துக்காக ஒவ்வொரு ஆய்வாளரையும் வெளியே தள்ளுவதை ஏற்க முடியவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் சர்வதேச ஆய்வுக் குழுமம் ஜெர்மானியர்களைப் பல ஆண்டுகள் சேர்க்கவில்லை. ஆனால் 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது, ஆங்கிலேய வானியலாளரான எடிங்டன் ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே ஒரு தீவுக்குப் போய், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் கோட்பாடு சரிதானா என்று சோதித்தார். இன்று நாம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பயணத்தைத்தான்.

என் முடிவை வேறொரு குழு முந்தி வெளியிட்டுவிட்டால் என் உழைப்பு வீணா?

வீணில்லை. 2012இல் லிதுவேனியாவின் விர்ஜினியஸ் ஷிக்ஷ்னிஸ், கிரிஸ்பர் மரபணு வெட்டும் முறை பற்றிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். வேறோர் இதழில் அது வருவதற்குள் ஜெனிஃபர் டவுட்னா, இமானுவேல் ஷார்பென்டியே ஆகிய விஞ்ஞானிகளின் கட்டுரை வந்துவிட்டது. 2020 நோபல் பரிசு அவர்கள் இருவருக்கும் போனது. ஷிக்ஷ்னிஸின் வேலையை இன்றும் அந்தத் துறையில் மதிப்போடு சொல்கிறார்கள், ஆனாலும் அந்த இழப்பு உண்மையானது. பிளாஸ் பயாலஜி ஆய்விதழ் 2018இல் ஒரு விதி கொண்டுவந்தது: அதே முடிவை வேறொருவர் வெளியிட்ட ஆறு மாதத்துக்குள் அனுப்பினால், 'பழையது' என்று தள்ளமாட்டார்கள். ஒரே முடிவுக்கு இரண்டு சான்று கிடைப்பது நல்லதுதானே என்பது அவர்கள் நியாயம். எல்லா ஆய்விதழ்களும் இதைச் செய்ய வேண்டும். அதுவரை, கட்டுரை தயாரானதும் முன்பதிப்புத் தளத்தில் (ஆய்விதழில் வரும் முன்பே கட்டுரையை எல்லோரும் படிக்கப் போடும் இணையதளத்தில்) போட்டுத் தேதியைப் பதிவு செய்துவிடுங்கள். இயற்பியலாளர்கள் 1991இல் ஆர்க்கைவ் என்ற அப்படிப்பட்ட தளம் தொடங்கிய நாளிலிருந்து இதைத்தான் செய்கிறார்கள்.

வேறு நாட்டுக் குழுவோடு சேரும் முன் எதைப் பேசி முடிக்க வேண்டும்?

பெயர் வரிசையை. கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. முடிவு வந்த பிறகு பேசினால் கூச்சத்தோடு கசப்பும் சேர்ந்துவிடும். தரவு யாருடைய கணினியில் இருக்கும், யாருக்கு எப்போது திறக்கும், காப்புரிமை வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிகளை நாட்டை விட்டு அனுப்ப எந்த அனுமதி வேண்டும் என்று முதல் மாதமே கேளுங்கள், பெர்க்கெலியப் பொட்டலத்தின் கதி உங்கள் மாதிரிகளுக்கு வர வேண்டாம். உங்கள் மாணவர் எந்தப் பகுதியைத் தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வார் என்பதையும், யாராவது பாதியில் விலகினால் அதுவரை எடுத்த அளவீடுகள் யாரிடம் தங்கும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.